சிங்கப்பூரில் அலங்கார வெங்காயம் பூக்குமா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் அல்லியம் என்ற அலங்கார வெங்காயத்தின் கிழங்கை நட்டால் அந்த ஊதாப் பூப்பந்து வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இலை வரும், பூ வருவது அரிது. மத்திய ஆசியாவைச் சேர்ந்த பெரிய அல்லியம், பல வாரம் குளிர் பட்ட பிறகுதான் பூத்தண்டு விடும். நமக்கோ இரவிலும் பெரும்பாலும் 24 பாகை செல்சியஸுக்கு மேல்தான். குளிருக்காகக் கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதானால் ஆப்பிள் பக்கத்தில் வேண்டாம்; அது விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். அப்படியே முளைத்தாலும் நம் வெக்கையில் வாடத்தான் வாய்ப்பு அதிகம்.

அதே இனத்தில் கூச்சாய் (சீனப் பூண்டுத்தழை) இருக்கிறதே, அதை வையுங்கள். ஈரச்சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் அந்தத் தட்டை இலைதான். வெட்டாமல் விட்டால் நீண்ட தண்டின் நுனியில் சின்னச் சின்ன வெள்ளை நட்சத்திரங்கள் குடையாக விரியும், அவ்வளவு அழகு! நல்ல வெயில் படட்டும். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள்: வேர் அழுகும், கொசுவும் முட்டையிடும்.