மாநில நெடுஞ்சாலையில் வேகத்தடை: ஒன்றியக் கவுன்சிலர் என்ன செய்யலாம்?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒன்றியக் கவுன்சிலராக இருக்கிறேன். முதல் முறையாகப் பதவிக்கு வந்தவள். எங்கள் ஊருக்கு நடுவே மாநில நெடுஞ்சாலை போகிறது. வீடுகள் ஒரு பக்கம், நடுநிலைப் பள்ளியும் ரேஷன் கடையும் மறுபக்கம். சாலையை அகலப்படுத்திய பிறகு வண்டிகள் பறக்கின்றன. ஒரு பெரியவர் அடிபட்டு இறந்தார், இரண்டு பிள்ளைகளுக்குக் கால் முறிந்தது. வேகத்தடை கேட்டு மனு கொடுத்தால், ‘ஸ்டேட் ஹைவேயில் போட முடியாது’ என்கிறார் பொறியாளர். ஊரிலோ, ‘ஓட்டு வாங்கத் தெரிந்தது, ஒரு ஸ்பீடு பிரேக்கர் போடத் தெரியவில்லையா’ என்கிறார்கள். தாங்களே சிமென்ட் கலவை கொட்டிப் போடப்போவதாக இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். எனக்கு இதில் என்னதான் அதிகாரம் இருக்கிறது?

பதில்: இளைஞர்களை முதலில் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஊர்க்காரர்கள் கொட்டும் மேடு பெரும்பாலும் ஓரடி அகலம், அரையடி உயரம் இருக்கும். சாலைகளுக்கான தொழில்நுட்ப நெறிகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை வேறு மாதிரி: அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டரில் வந்தால் குலுக்காமல் ஏறி இறங்கும் வளைவு. அந்த அகலம் இல்லாத மேடு லாரியை ஒன்றும் செய்யாது. பைக்கின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்திருக்கும் பெண்ணைத்தான் தூக்கி எறியும். பெயின்டும் பலகையும் விளக்கும் இல்லையென்றால், இரவில் வரும் வெளியூர்க்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அங்கே ஒரு சாவு விழுந்தால், போட்டது யார் என்று போலீஸ் கேட்கும். கவுன்சிலருக்குத் தெரிந்துதான் போட்டோம் என்று யாராவது ஒருவர் சொல்லுவார்.

பொறியாளர் சொன்னதும் சாக்கு அல்ல. நெடுந்தூர வண்டிகள் ஓடும் பிரதான சாலையில் மேடு வேண்டாம் என்பது பொதுவான நெறி. தேசிய நெடுஞ்சாலைகளில் இருந்த வேகத்தடைகளையே அகற்றும்படி ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016இல் மாநிலங்களுக்குச் சொன்னது. ‘பக்கத்து ஊரில் போட்டிருக்கிறார்களே’ என்பீர்கள். போட்டிருக்கிறார்கள்தான். மறியல் நடந்த மறுநாள் முளைத்த மேடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். அதைக் காட்டி வாதாடினால் பொறியாளருக்கு உங்கள்மேல் எரிச்சல்தான் மிஞ்சும்.

உங்கள் அதிகாரத்துக்கு வருவோம். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராமச் சாலைகள் ஊராட்சிக்கு, ஒன்றியச் சாலைகள் ஊராட்சி ஒன்றியத்துக்கு. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை ஆகியவை நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. ஓரத்தில் நிற்கும் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பார்த்தாலே ஓரளவு தெரியும்: மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆக, அந்தத் தார்ச்சாலையின் மேல் ஒரு கோடு போடக்கூட உங்களுக்கு அதிகாரம் இல்லை. உங்கள் ஊரில் ஆபத்து இருக்கிறது என்பதை அந்தத் துறையின் காகிதத்தில் ஏற்றுவதும், சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊரைத் திருத்துவதும்தான் உங்கள் வேலை. இரண்டுமே சின்ன வேலை இல்லை.

முதலாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான மனுக்கள் தோற்பது இங்கேதான். ‘அடிக்கடி விபத்து நடக்கிறது’ என்று எழுதிய மனு ஒவ்வோர் அலுவலகத்திலும் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. பொறியாளர் பார்ப்பது எண்ணிக்கையை. விபத்துப் பகுதி, அதாவது பிளாக் ஸ்பாட் என்பதற்கு ஒன்றிய அரசின் அதே அமைச்சகம் வைத்திருக்கும் வரையறையைப் பாருங்கள்: தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், கடந்த 3 ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து 5 நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். உங்கள் சாலை தேசிய நெடுஞ்சாலை இல்லை. ஆனாலும் பணம் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் இப்படித்தான் எண்ணிப் பார்ப்பார்கள்.

2022இல் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் 64,105, உயிரிழப்பு 17,884. இது பதிவானது மட்டும். கால் முறிந்த அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் வழக்குப் பதிவானதா என்று விசாரித்துப் பாருங்கள். வண்டிக்காரர் ஆஸ்பத்திரி செலவைக் கொடுத்திருப்பார், பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசி முடித்திருப்பார்கள். நம் ஊர்களில் அது வழக்கம். அந்தக் குடும்பம் முறையான இழப்பீடு கேட்க வழியில்லாமல் போவது ஒரு நஷ்டம் என்றால், ஊருக்கு வரும் நஷ்டம் வேறு: அரசுக் கணக்கில் அங்கே விபத்தே நடக்கவில்லை. இப்போது போலீசார் விபத்து நடந்த இடத்தைக் கைப்பேசிச் செயலியில் அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஏற்றுகிறார்கள். ஐராட் என்ற அந்தத் திட்டத்தை உருவாக்கியது சென்னை ஐ.ஐ.டி. எஃப்.ஐ.ஆர். இல்லாத விபத்து அந்த வரைபடத்தில் புள்ளியாக விழாது. புள்ளி இல்லாத இடத்துக்கு எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போடமாட்டார்.

அதனால் ஒரு நோட்டு வாங்கி, கடந்த 3 ஆண்டுகளில் அங்கே நடந்த விபத்துகளை எழுதுங்கள். தேதி, நேரம், எந்தப் பக்கமிருந்து எந்த வண்டி வந்தது, அடிபட்டவர் நடந்து போனாரா, சைக்கிளா, 108 வந்ததா, வழக்குப் பதிவானதா, எண் என்ன. அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லிலிருந்து எத்தனை மீட்டர் என்பதையும் குறியுங்கள், துறைக்காரர்களுக்குப் புரிவது அந்தக் கணக்குதான். காவல் நிலையத்தில் வாய்மொழியாகத் தகவல் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். இனி நடக்கும் விபத்து ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும் என்று ஊரில் சொல்லிவையுங்கள். கெஞ்சினாலும் மிரட்டினாலும் பரவாயில்லை.

அடுத்தது வேகம். ‘பறக்கிறார்கள்’ என்றால் எவ்வளவு? சாலையோரம் 50 மீட்டரை டேப் வைத்து அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். பள்ளி விடும் நேரத்தில் பாதுகாப்பான தூரத்தில் நின்று கைப்பேசியில் வீடியோ எடுங்கள். ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு வண்டி 3 நொடியில் போனால் மணிக்கு 60 கிலோமீட்டர். 2 நொடி என்றால் 90. அரை மணி நேரம் எடுத்தாலே போதும், நிலைமை தெரிந்துவிடும். அப்படியே பிள்ளைகள் கடக்கும் இடத்தில் நின்று, இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் சாலை தெரிகிறது என்று அளங்கள். 60 கிலோமீட்டரில் வரும் ஓட்டுநர் எதிரே இருப்பதைக் கண்டு, பிரேக் பிடித்து, நிற்க 80 மீட்டர் வேண்டும்; 80 கிலோமீட்டரில் வந்தால் 120 மீட்டர். கடப்பவருக்கோ அதைவிடக் கூடுதலாகத் தெரிய வேண்டும். 7 மீட்டர் சாலையை ஒரு சின்னப் பிள்ளை 7 நொடியில் கடக்கிறது என்று வையுங்கள், அதற்குள் 60 கிலோமீட்டர் வேக வண்டி கிட்டத்தட்ட 117 மீட்டர் வந்துவிடும். நடுவில் கருவேல மரமோ, டீக்கடைக் கீற்றோ, கட்சிக்காரர் பேனரோ மறைத்தால் அந்தப் பிள்ளையும் ஓட்டுநரும் ஒருவரையொருவர் பார்க்கும்போது நேரம் கடந்திருக்கும்.

இந்த மூன்று காகிதமும் கையில் இருந்தால் மனுவை வேறு மாதிரி எழுதலாம். ‘வேகத்தடை வேண்டும்’ என்று கேட்காதீர்கள். ‘இந்த இடத்தைக் கூட்டாய்வு செய்து வேகத்தைக் குறைக்க வழி செய்ய வேண்டும்’ என்று கேளுங்கள். பள்ளி எச்சரிக்கைப் பலகை, ஊருக்குள் நுழையும் முன்பே டயர் அதிரும்படியான குறுக்குப் பட்டைகள், கடக்குமிடத்தில் வரிக்கோடு, சூரிய ஒளியில் இயங்கி மின்னும் எச்சரிக்கை விளக்கு (சோலார் பிளிங்கர்), சாலையில் பதிக்கும் ஒளிரும் குமிழ்கள், பள்ளி நேரத்தில் போலீஸ் பேரிகார்டு. இவற்றில் எதற்கும் ‘ஸ்டேட் ஹைவே’ என்ற பதில் வராது. குறுக்குப் பட்டை போட்டால் ராத்திரியில் தடதடவென்று சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம்தான் சண்டைக்கு வருவார். வீடுகளிலிருந்து தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

மனு யாருக்கு? நெடுஞ்சாலைத் துறையின் கட்டுமானம் மற்றும் பராமரிப்புப் பிரிவுக் கோட்டப் பொறியாளருக்கு. நகல், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் ஆட்சியருக்கு. ‘சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர்’ என்று குறிப்பிட்டே எழுதுங்கள், வெறும் ‘மாவட்ட ஆட்சியர்’ என்று எழுதினால் திங்கள்கிழமை மனுக்களோடு அதுவும் போய்ச் சேரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 215ஆம் பிரிவில் இந்தக் குழுவுக்கு இடம் உண்டு. ஆனால் மாவட்டந்தோறும் இது இயங்கியாக வேண்டும் என்ற அழுத்தம், கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகுதான் வந்தது. ஆட்சியர், காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்து அலுவலர் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது. உங்கள் ஊர் அந்தக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் ஒருமுறை ஏறிவிட்டால், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் கேட்டே ஆக வேண்டும்.

மனுவோடு இரண்டு தீர்மானங்களை இணையுங்கள். ஒன்று உங்கள் ஒன்றியக் குழுத் தீர்மானம். மற்றது கிராமசபைத் தீர்மானம். கிராமசபையைக் கூட்டுவது ஊராட்சித் தலைவர், நீங்கள் அல்ல. அவரோடு உங்களுக்கு ஒத்துவராது என்றாலும் இந்த விஷயத்தில் போய்ப் பேசுங்கள். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, அதோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களில் எது அடுத்து வருகிறதோ அதில் வைக்கலாம். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வர வேண்டும், அதற்கு மேல் 10,000 வரை 200. இந்தக் குறைந்தபட்ச வருகை, அதாவது கோரம், இல்லாத கூட்டத்தின் தீர்மானத்தைத் தட்டிவிடுவது சுலபம், அதனால் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் தாய்மார்களை அன்று கூட்டி வாருங்கள்.

இனி உங்கள் கைக்கு எட்டும் வேலைகள். உங்கள் ஊர்த்தெரு நெடுஞ்சாலையில் சேரும் இடம் இருக்கிறதே, அந்தத் தெரு வாயிலில் முறையான அளவில் வேகத்தடை போடலாம். அது ஊராட்சிச் சாலை அல்லது ஒன்றியச் சாலை. பிரதான சாலையில் சேரும் சிறு சாலையில் போடுவதை இந்திய சாலைகள் காங்கிரஸும் ஏற்கிறது. தெருவிலிருந்து பைக்கில் நிற்காமல் பாய்கிறவர்களை அது தடுக்கும். உங்கள் இளைஞர்களின் ஆர்வத்தை இந்தப் பக்கம் திருப்பிவிடலாம், ஆனால் வேலையை ஒன்றியப் பொறியாளர் மதிப்பீட்டின்படியே செய்யுங்கள். குடியிருப்புப் பகுதித் தெருவிளக்கு ஊராட்சியின் கடமை. பள்ளிக்கு எதிரே இருக்கும் கம்பத்தில் எரியாத விளக்கை மாற்றக் கோட்டப் பொறியாளரைக் கேட்க வேண்டியதில்லை.

பேருந்து நிறுத்தத்தையும் பாருங்கள். பிள்ளைகள் கடக்கும் இடத்துக்கு முன்னாலேயே பேருந்து நின்றால், இறங்கியவர்கள் அதன் மூக்கைச் சுற்றிக் கடப்பார்கள், முந்திவரும் வண்டிக்கு அவர்கள் தெரியவே மாட்டார்கள். கடக்குமிடத்தைத் தாண்டிப் பேருந்து நின்றால், அதன் பின்னால் நடந்து கடப்பார்கள். நிறுத்தத்தை இருபது முப்பது மீட்டர் நகர்த்துவதற்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை, நிழற்குடைக் கல்வெட்டில் பெயர் உள்ளவரைச் சமாதானப்படுத்துவதுதான் பெரிது.

அறுவடைக் காலத்தில் உங்கள் பக்கம் சாலையில் உளுந்தும் நெல்லும் காயப்போடுவார்கள். தானியத்தைச் சுற்றி வைத்த கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், இரவில் அந்தக் கல்லில் ஏறி விழுகிறவர் எத்தனையோ பேர். போலீஸை வைத்து விரட்டினால் விவசாயி எங்கே போவார்? களம் கட்டிக்கொடுங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் உலர்களம் கட்டிய ஊர்கள் பல உண்டு. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் அதைச் சேர்க்கச் சொல்வது கவுன்சிலர் தாராளமாகச் செய்யக்கூடிய காரியம். சாலையோரத்தில் சுற்றுச்சுவர் இல்லாத தரைக்கிணறு இருந்தால் அதையும் அதே பட்டியலில் எழுதுங்கள்.

ஒரு விஷயம் எல்லோரும் விட்டுவிடுவது: மனைப்பிரிவு. நெடுஞ்சாலையை ஒட்டி புது பிளாட் போடுகிறவர் சாலைகளை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்து அனுமதி வாங்குவார். அந்தக் கோப்பு ஊராட்சிக்கு வரும் நேரத்தில், அதன் வாசல் நெடுஞ்சாலையின் வளைவில் திறக்கிறதா என்று பாருங்கள். வீடு கட்டிக் குடி வந்த பிறகு அந்த வாசலை யாராலும் நகர்த்த முடியாது.

கடைசியாக, பதவிக்காலம். 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 9 மாவட்டங்களில் தென்காசியும் ஒன்று; அதற்கு முன் 2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் காலம் முடிந்து, 2025 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் என்ற அரசு அதிகாரிகள் பொறுப்பேற்றார்கள். உங்கள் ஐந்தாண்டு முடிவதற்குள் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டும் கோப்பு எண்ணும் வாங்கிவிடுங்கள். தீர்மான நகல்களையும் விபத்து நோட்டையும் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஒரு படி கொடுத்துவையுங்கள். தனி அலுவலரிடம் போய் நிற்கப்போகிறவர் நீங்களோ வேறு யாரோ, அந்தக் கோப்பு எண்ணைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும்.