ஆற்காட்டு வடிகஞ்சி – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு 1751 ஆற்காடு முற்றுகையை எடுத்திருக்கிறாள். சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வடிகஞ்சியைக் குடித்தே கோட்டையைக் காத்தார்கள் என்று படித்தாளாம். இது நடந்ததா? அத்தனை சிறிய படை பத்தாயிரம் பேரை எப்படித் தடுத்தது?

எஸ்.கே., சுங்கை சிப்புட்

அன்புள்ள எஸ்.கே.,

கஞ்சிக் கதையை ஊரறியச் செய்தது, ஆங்கில எழுத்தாளர் மெக்காலே 1840இல், கோட்டையைக் காத்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படைத்தலைவர் கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரை. முற்றுகை முடிந்து அப்போது ஏறக்குறைய 90 வருஷம் ஆகிவிட்டது. முற்றுகை தொடங்கும்போது கோட்டைக்குள் 60 நாளுக்கு உணவு இருந்தது. முற்றுகை நீடித்தது 50 நாள். கடைசி நாட்களில் அரிசி குறைந்து, சில வேளை அப்படி நடந்திருக்கலாம். ஆனால் 50 நாளும் வடிகஞ்சியே என்பதை நான் ஏற்கமாட்டேன். விடியற்காலையில் ரப்பர் மரம் சீவப் போகிறவர் குடிப்பது சோறும் சேர்ந்த கஞ்சி. சோற்றை எடுத்துவிட்டால் மிஞ்சும் தண்ணீரில் கொஞ்சம் மாவுச்சத்துதான் இருக்கும். அதை மட்டும் குடித்தவன் இரவெல்லாம் மண் வெட்டி, இடிந்த மதிலை அடைக்க முடியாது. சிப்பாய்கள் செய்த வேலை அது.

கோட்டையே மோசம். சுற்றளவு ஒரு மைல், பல இடங்களில் மதில் சிதைந்திருந்தது, அகழியில் சில இடம் வறண்டு கிடந்தது. சென்னையிலிருந்து கிளைவ் கொண்டுவந்தது 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள். ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் முற்றுகையிட்டபோது அவர்களிலும் 120 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களும்தான் சண்டைக்கு ஆயத்தமாக இருந்தார்கள். புதுச்சேரியிலிருந்து ராஜா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரர்கள் அனுப்பிய, 18 பவுண்டு எடைக் குண்டு வீசும் பீரங்கிகள் வந்ததும் மதில் உடைந்தது. உடைப்புக்குப் பின்னால் உள்ளே பள்ளம் வெட்டி, மண்மேடு எழுப்பினார்கள். மதில் விழுந்தாலும் உள்ளே இன்னொரு தடை காத்திருந்தது.

மராட்டியத் தலைவர் மொராரி ராவின் 6,000 பேர் கிளைவின் உதவிக்கு வரப்போகும் செய்தி கிடைத்ததால் ராஜா சாகிப் காத்திருக்கவில்லை. அப்போது ஆங்கிலேயர் பயன்படுத்திய பழைய நாட்காட்டிப்படி நவம்பர் 14 அன்று பெருந்தாக்குதல். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை முட்டி உடைக்க ஓட்டிவந்தார்கள். தகடு நெற்றியை மட்டும்தானே மறைக்கும்? குண்டு பட்டதும் அவை திரும்பி, பின்னால் வந்த சொந்தப் படையையே மிதித்தன.

உடைப்பில்தான் உண்மையான சண்டை. அன்று எழுந்து நிற்க முடிந்தவர்கள் 80 ஐரோப்பியர், 120 சிப்பாய்கள். அவர்களே ஐந்து பீரங்கிகளையும் கவனித்தார்கள். ஒரு மணி நேரத்தில் 12,000 தோட்டாக்கள் செலவாயின. தலைக்கு நிமிஷத்துக்கு ஒன்று! அந்தக் காலத்துத் துப்பாக்கியில் மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடிக்க வேண்டும்; சுடச்சுடக் குழலில் கரி படியும், சக்கிமுக்கிக் கல் மழுங்கும். ஒருவனே நிரப்பிச் சுட்டால் சீக்கிரம் கை ஓய்ந்துவிடும். அதனால் உபரித் துப்பாக்கிகளைச் சேர்த்து வைத்தார்கள். முன்வரிசை சுட்டதும் வெறும் துப்பாக்கியைப் பின்னால் தள்ளும், பின்வரிசை நிரப்பியதை நீட்டும். ஏறி வந்தவர்களுக்கு மூச்சுவிட இடைவெளியே கிடைக்கவில்லை.

தென்மேற்கு உடைப்புக்குத் தெப்பத்தில் சுமார் 70 பேர் அகழியைக் கடக்க வந்தார்கள். பீரங்கிக்காரர்களின் குறி தப்பவே, கிளைவே ஒரு பீரங்கியைச் சுட்டு, அவர்களைத் தண்ணீரில் தள்ளினார். ராஜா சாகிப் பக்கம் இறந்தவர்களும் காயமடைந்தவர்களுமாக 400 பேர். கோட்டைப் பக்கம் நான்கு ஐரோப்பியர் இறந்தார்கள், இரண்டு சிப்பாய்கள் காயமடைந்தார்கள்.

உங்கள் மகள் பேச்சைக் கஞ்சியில் தொடங்க வேண்டாம். பின்வரிசையில் குனிந்து துப்பாக்கி நிரப்பிய சிப்பாயின் கையில் தொடங்கட்டும். கஞ்சியை இடையில் ஒரு வரியில், ‘சொல்வார்கள்’ என்று சேர்த்துச் சொன்னால் போதும்.