புளியும் கூலியும் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாகப் பர்மனென்ட் வேலை. கொஞ்ச நாளாக ஓவர்டைம் இல்லை, காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். அடுத்து நாங்கள்தான் என்று பேச்சு. வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு புளி வியாபாரம் தொடங்கலாம் என்று இருக்கிறேன். அம்மா, மனைவி, அண்ணி மூவரும் மண்டிக்காரர்களுக்குக் கூலிக்குப் புளி தட்டுகிறவர்கள். அண்ணனிடம் டாடா ஏஸ் இருக்கிறது. பி.எஃப். பணத்தோடு மனைவியின் நகையையும் அடகு வைத்து, இந்த சீசனில் மொத்தமாக வாங்கிப் போட்டு, பாக்கெட் போட்டு விற்பது திட்டம். "ஊரே காசில்லாமல் கிடக்கும்போது எவனாவது வியாபாரம் தொடங்குவானா?" என்கிறார் மாமனார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

மாமனார் சொல்வது பாதிதான் சரி. கையில் காசில்லாதபோது பைக் வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள், ரசம் வைப்பதை யாரும் தள்ளிப்போடுவதில்லை. ஒரு கிலோ வாங்குகிறவர் கால் கிலோவாக நாலு தடவை வாங்குவார், அவ்வளவுதான். புளி விற்றுவிடும். என் பயமெல்லாம் நீங்கள் வாங்கப்போகும் விதத்தைப் பற்றித்தான்.

புளி வருவது மாசி, பங்குனி, சித்திரை. சமையலுக்குப் போவது பன்னிரண்டு மாதம். மூன்று மாதத்தில் வாங்கியதை வருடம் முழுக்க விற்க வேண்டும். அதுவரை உங்கள் முதலீடு கோணிப்பைக்குள் தூங்கும், நகைக்கடன் வட்டி மட்டும் தூங்காது. வெளியில் வைத்தால் நாள்பட நிறம் கறுக்கும், கறுத்தால் விலை இறங்கும். குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் வாடகை.

அப்புறம் சேதாரம். ஓட்டோடு 100 கிலோ வாங்கினால் சதை ஏறக்குறைய 55 கிலோதான் தேறும். 34 கிலோ கொட்டை, மிச்சம் ஓடும் நாரும். ஓட்டோடு கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைசா கூலி சேராமலே சதை கிலோ 73 ரூபாய்க்கு வந்து நிற்கிறது. துணி ஆலைகளுக்கான பசை மாவுக்குக் கொட்டையை வாங்குவார்கள், அதில் கொஞ்சம் திரும்பும். காயக் காய எடை குறைவது தனி. மண்டிக்காரர்கள் இந்தக் கணக்கை மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் மனதிலேயே போடுவார்கள். மொத்தக் கொள்முதலில் அவர்களோடு முதல் வருடமே மோத வேண்டாம்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியம். மூன்று பெண்களும் தட்டுகிற கூலி இப்போது வாராவாரம் வீட்டுக்கு வருகிறது. சொந்தத் தொழில் என்றதும் அது நின்றுவிடும். "நம்ம வேலைதானே" என்று யாரும் நோட்டில் எழுத மாட்டார்கள். வருடக் கடைசியில் லாபம் என்று நீங்கள் எண்ணுகிற பணம், கொடுக்காமல் விட்ட அவர்கள் கூலியாகத்தான் இருக்கும். நம் பக்கத்தில் "நன்றாக ஓடுகிற" பல குடும்பத் தொழில்களின் கதை இதுதான். மண்டியில் என்ன கூலியோ அதே கூலியைச் சனிக்கிழமை தோறும் மூவர் கையிலும் கொடுங்கள். அண்ணனுக்கு வண்டி வாடகை, டீசல் தனி. கொடுக்க முடியவில்லை என்றால் தொழில் நஷ்டத்தில் ஓடுகிறது என்று மூன்றாம் மாதமே தெரிந்துவிடும். அண்ணனும் தம்பியும் "யார் எவ்வளவு எடுத்தது" என்று சண்டை போடவும் இடமிருக்காது.

வேலையை நீங்களாக விடாதீர்கள். நிரந்தரத் தொழிலாளியை ஆள்குறைப்பு செய்தால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். பணிக்கொடை அதற்கு மேல். நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பணிக்கொடை வரும், முதலாவது போச்சு. வேலையில் இருந்தால் பி.எஃப். பணம் முழுதாகக் கைக்கு வராதே என்பீர்கள். வராமல் இருப்பதே நல்லது.

இந்த சீசனில் கைச்சேமிப்புக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு வாங்குங்கள். அண்ணன் வண்டியில் சந்தை சந்தையாகப் போய் ரொக்கத்துக்கு விற்றுப் பாருங்கள். மளிகைக் கடைகளில் "அடுத்த லோடுக்கு வரும்போது வாங்கிக்கங்க" என்பார்கள். மந்த காலத்தில் அடுத்த லோடுக்கும் அதையேதான் சொல்வார்கள். குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், செய்துவிடுங்கள். பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் சந்தை முனை மளிகைக்காரரிடம் சட்டம் பேசிக் காசு வாங்கலாம், அடுத்த ஆர்டர் வாங்க முடியாது.

மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்தியத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் என்று இருந்தது, இப்போதும் உண்டா என்று கேளுங்கள். ஆனால் அது இயந்திரம் போன்றவற்றுக்கு. புளி வாங்கிப் போடுகிற பணத்துக்கு மானியம் கிடையாது. கையிலும் தர மாட்டார்கள், கடன் கணக்கில்தான் சேரும்.

கடைசியாக ஒன்று. கடிதத்தில் உங்கள் யோசனை இருக்கிறது, மாமனார் கருத்து இருக்கிறது. புளி தட்டுகிற மூன்று பேர் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி கூட இல்லை. எந்த மரத்துப் புளியில் சதை அதிகம், எது தட்டத் தட்ட நாராகவே வரும் என்று உங்கள் வீட்டில் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அடகுக்குப் போகப்போவதும் உங்கள் நகை இல்லை. அவர்களிடம் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.