வாசகர் கேள்வி – பதில்: சீனிவாசகம் நின்ற ஈப்போ எது?

கேள்வி: பள்ளி நூலகச் சுவரில் மாட்ட ஈப்போ நாடாளுமன்ற உறுப்பினர்களின் பட்டியல் தயாரிக்கிறோம். டி. ஆர். சீனிவாசகம் ஈப்போ உறுப்பினர் என்கிறார்கள். கையில் உள்ள பழைய பத்திரிகை நறுக்கிலோ ‘ஈப்போ–மெங்லெம்பு’ என்றிருக்கிறது. இன்று இருப்பது ஈப்போ திமூரும் ஈப்போ பாராட்டும். எதை எழுதுவது?
– வாசகி, டோவன்பி தோட்டம், சுங்கை சிப்புட்

பதில்: மூன்றையும் எழுத வேண்டும், அதனதன் ஆண்டோடு.

1955 ஜூலை 27இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் மலாயா முழுவதற்கும் 52 தொகுதிகள்தான். ஈப்போவும் மெங்லெம்பும் சேர்ந்து ஒரே தொகுதி. அங்கே வென்றவர் மசீசவின் (மலாயா சீனர் சங்கம்) லியோங் இயூ கோ. சுதந்திரம் வந்ததும் அவர் மலாக்கா ஆளுநராகப் போய்விட, இடம் காலியானது. 1957 இறுதியில் நடந்த அந்த இடைத்தேர்தலில்தான் மக்கள் முற்போக்குக் கட்சியின் டி. ஆர். வென்று உள்ளே வந்தார். ஆகவே உங்கள் நறுக்கு 1957க்கும் 1959க்கும் இடைப்பட்டதாக இருக்கும்.

1959இல் அந்த 52 தொகுதிகளையும் இரண்டிரண்டாகப் பிரித்து 104 ஆக்கினார்கள். ஈப்போவில் டி. ஆர்., மெங்லெம்புவில் அவர் அண்ணன் எஸ். பி. சீனிவாசகம். 1964இலும் இரண்டு இடங்களையும் இருவரும் விடவில்லை. நாடு முழுவதும் அந்தக் கட்சிக்கு அந்த முறை கிடைத்ததே இவ்விரண்டு இடங்கள்தான். அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளில் நின்று, ஆளுங்கூட்டணியை எதிர்த்தே வென்றதைச் சுவரில் ஒரு வரியாவது சொல்லுங்கள். பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது அது.

இந்த ஈப்போவின் வாக்காளர்களும் 1955இன் வாக்காளர்கள் அல்ல. 1955இல் நாட்டு வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். ஈயச் சுரங்க நகரங்களின் சீனர், இந்தியர் பலருக்கு அப்போது குடியுரிமையே இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமை பரவலானது, வாக்காளர் பட்டியலும் மாறியது.

பலர் தவறுவது 1969இல். டி. ஆர். அந்த ஆண்டு மார்ச் 15இல் காலமானார். பொதுத்தேர்தல் மே 10இல். ஆக அவர் பெயருக்கு நேரே ‘1957–1969’ என்று போடலாம், ‘1969 தேர்தலில் வென்றார்’ என்று போடக்கூடாது. 1974இல் கட்சி ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணிக்குள் போயிருந்தது, ஈப்போவும் மெங்லெம்புவும் ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) கைக்குப் போயின.

மெங்லெம்பு இன்று நாடாளுமன்றத் தொகுதியே அல்ல. அது என்32 சட்டமன்றத் தொகுதி, பத்து காஜா (பி066) நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கிறது. ஈப்போவின் பெயரைத் திமூர் (பி064), பாராட் (பி065) இரண்டும் பங்கிட்டுக்கொண்டன. 2004இல் திமூரில் லிம் கிட் சியாங், பாராட்டில் மு. குலசேகரன். குலசேகரன் பெயரை 1997இல் பார்த்தால் அது தெலுக் இந்தான் இடைத்தேர்தல், இந்தப் பட்டியலில் சேராது.

கட்டங்களை இப்படிப் போடுங்கள்: ஆண்டு, அன்றைய தொகுதிப் பெயர், உறுப்பினர், கட்சி, பொதுத்தேர்தலா இடைத்தேர்தலா. எல்லை மாறும் இடத்தில் குறுக்கே தடித்த கோடு. சரிபார்க்க நாடாளுமன்ற இணையத்தளத்தின் பழைய ஹன்சார்டுகளை (அவை நடவடிக்கைக் குறிப்புகள்) திறங்கள். முதல் பக்கங்களில் வருகைப் பட்டியல் இருக்கும், ‘எஞ்சே (திரு) டி. ஆர். சீனிவாசகம் (ஈப்போ)’ என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தொகுதி அடைப்புக்குறிக்குள். அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கேள்வி: எங்கள் சுங்கை சிப்புட் லிந்தாங், ஜாலோங் என்று மலை வரை விரிந்து கிடக்கிறது. ஈப்போவோ கைக்குள் அடங்கும் பரப்பு. ஆனால் அங்கேதான் வாக்காளர் அதிகம். சட்டம் இதை ஏற்கிறதா?
– வாசகர், எல்பில் தோட்டம்

பதில்: ஏற்கிறது. 1957 அரசமைப்பின்படி ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. 1962 திருத்தம், கிராமத் தொகுதியில் நகரத் தொகுதியின் பாதி வாக்காளர் இருந்தாலும் போதும் என்றது. 1973இல் அந்த வரம்பும் எடுக்கப்பட்டது. ‘ஏறக்குறைய சமம், ஆனால் உட்புறப் பகுதிகளுக்குச் சலுகை’ என்ற வாசகமே பதின்மூன்றாம் அட்டவணையில் எஞ்சியது. உட்புறத்தில் வாக்காளரைச் சென்றடைவது கடினம் என்பது அதற்குச் சொல்லும் காரணம். காரணம் நியாயமானதுதான். எண் வரம்பை எடுத்தது தவறு என்பது எங்கள் கருத்து. வரம்பு இல்லாத சலுகை எதுவரை நீளும் என்று கேட்க வழியில்லை.

ஆனால் ஆட்சேபிக்க வழி உண்டு. எல்லை மறுசீரமைப்புப் பரிந்துரையைத் தேர்தல் ஆணையம் ஒரு மாதம் பார்வைக்கு வைக்கும். அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் 100 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து எழுத்து மூலம் ஆட்சேபித்தால் விசாரணை நடத்தியாக வேண்டும். சறுக்குவது கையெழுத்து வாங்கும் இடத்தில். வேறு தொகுதியில் பதிந்தவர்கள் கலந்துவிடுவார்கள், எண்ணிக்கை 100க்குக் கீழே போய்விடும். 130 பேராவது திரட்டுங்கள், ஒவ்வொருவரின் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் முதலிலேயே தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சரிபார்ப்புத் தளமான மைஎஸ்பிஆர் செமாக்கில் தட்டிப் பாருங்கள்.

கேள்வி: தோட்டத்தை விட்டு புந்தோங்கில் வீடு வாங்கிவிட்டோம். ஓட்டு தானாக மாறுமா?
– வாசகி, புந்தோங்

பதில்: மாறாது. 18 வயதில் தானாகப் பதிவது வேறு, முகவரி மாற்றம் வேறு. முதலில் ஜேபிஎன்னில் (தேசியப் பதிவிலாகா) ஐசி முகவரியை மாற்றுங்கள், குடிபோன 30 நாளுக்குள். அதோடு நிற்காமல் தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்ற மனுவும் கொடுங்கள். புந்தோங் ஈப்போ பாராட்டில் வருகிறது, செமாக்கில் பி065 என்று காட்டினால் வேலை முடிந்தது. பி062 என்றே நின்றால் நீங்கள் இன்னும் சுங்கை சிப்புட் வாக்காளர்தான்.