பூனையின் தவமும் நரியின் பிரசங்கமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தில் லட்லோ என்ற ஊர்த் தேவாலயத்தில், பிஷப் தொப்பி போட்ட நரி ஒன்று வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்வதுபோல மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். மகன் படம் அனுப்பினான். ஜெபம் செய்யும் இடத்திலேயே இதை எப்படி விட்டார்கள்? ஊர் ஜனங்கள் சாமியார்கள்மேல் காட்டிய கோபமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த நரியை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன் அம்மா. பார்க்க வேண்டுமானால் நன்றாகக் குனிய வேண்டும். பீடத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் மர இருக்கைகள், சினிமா தியேட்டர் நாற்காலி மாதிரி மடங்கி எழும். தூக்கினால் அடியில் கை அகலத்துக்கு ஒரு சின்ன மரத்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். குருமார்கள் நாளைக்குப் பலமுறை, ராத்திரியில்கூட, நின்றபடியே ஜெபம் பாட வேண்டிய காலம் அது. வயசானவர்களுக்குக் கால் கடுக்காதா? இருக்கையை மடக்கிவிட்டு அந்தத் திட்டில் பின்புறத்தை முட்டுக்கொடுத்துக்கொள்வார்கள். பார்க்கிறவர்களுக்கு நிற்கிற மாதிரி. உண்மையில் பாதி உட்கார்ந்தாயிற்று! மிசரிகார்ட் என்று இதற்குப் பெயர். திட்டும் அதைத் தாங்கும் சிற்பமும் ஒரே ஓக் கட்டையில் குடைந்தவை. டிராயிங் மாஸ்டராக இருந்தவன் என்பதால் எனக்கு நரியைவிட அந்த உளி வேலைதான் முதலில் கண்ணில் பட்டது.

இடம் அப்படிப்பட்டது என்பதால் இயேசுவையும் மாதாவையும் அங்கே செதுக்குவது குறைவு. யார் சாமி படத்தின்மேல் உட்காருவார்கள்? அதனால் தச்சர்களுக்குக் கை கொஞ்சம் தாராளமாகவே ஓடியிருக்கிறது. புருஷனை அடிக்கும் பெண்டாட்டி, பன்றி, குரங்கு, கடல்கன்னி, இந்த நரி எல்லாம் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

ஆனால் ‘ஊர் ஜனங்களின் கோபம்’ என்று சட்டென்று முடிவு கட்ட எனக்கு மனம் வரவில்லை. மரம் வாங்கக் காசு போனது தேவாலயத்தின் பக்கத்திலிருந்து. உட்கார்ந்தவர்கள் குருமார்கள். இருக்கையைத் தூக்கினால் பார்க்கப்போகிறவர்களும் அவர்களே. கலப்பைக்காரன் எட்டிப் பார்க்கிற இடமே இல்லை.

இங்கிலாந்திலேயே பெவர்லி ஊரின் பெரிய தேவாலயமான பெவர்லி மின்ஸ்டரைப் பாருங்கள். 68 இருக்கைகள், 1520இல் செய்தவை. அங்கேயும் நரி மேடையேறி வாத்துகளுக்கு உபதேசிக்கிறது; பின்னால் ஒரு குரங்கு, செத்த வாத்தைக் கோலில் மாட்டித் தோளில் சுமந்து நிற்கிறது. நரியின் உடை ஊர் ஊராய்ச் சுற்றிப் பிரசங்கம் செய்த பிச்சைத் துறவிகளுடையது. பிரான்சிஸ்கன், டொமினிக்கன் கூட்டத்தார் ஊருக்குள் வந்தால் ஜனம் அங்கே ஓடும். பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் அவர்களிடம், சாவுச் சடங்கும் அவர்களிடம். உள்ளூர்க் குருவின் வரும்படி போச்சு. சண்டை முற்றி, 1300இல் போப் எட்டாம் போனிபாஸ், அடக்கக் காணிக்கையில் நாலில் ஒரு பாகத்தை உள்ளூர்க் குருவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆணையே போட வேண்டி வந்தது. பெவர்லி இருக்கைகளில் உட்கார்ந்தவர்கள் துறவிகள் அல்ல, கானன்கள் என்ற குருமார்கள். எதிர்க்கடைக்காரனை நரியாக்கினால் அவர்களுக்குச் சிரிப்பு வராமல் இருக்குமா?

அதற்காக ஊர்க்காரன் மனசு அதில் இல்லவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வாத்துகள் கூடி நரியைத் தூக்கில் போடும் சிற்பமும் அதே பெவர்லியில் உண்டு. அது தச்சன் வீட்டுத் திண்ணையில் கேட்ட கதையாகத்தான் இருக்க வேண்டும். லட்லோவில் இன்னொன்று: பீர் விற்கும் பெண்ணைப் பிசாசு தலைகீழாகத் தோளில் போட்டு நரகத்துக்குத் தூக்கிப்போகிறது. அளவு குறைத்து ஊற்றியவள். கையில் அந்தக் குவளையை இன்னும் விடவில்லை. சாமியாரைவிட அளவில் ஏமாற்றுகிறவள்மேல்தான் ஊருக்கு வயிற்றெரிச்சல் அதிகம்போலத் தெரிகிறது.

கேள்வி: கேலியை யாரும் கண்டுகொள்ளவே இல்லையா?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: கண்டுகொண்டார்கள், கொஞ்சம் தாமதமாக. ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தில் ஒரு தூண் தலைப்பில் மிருகங்களின் சவ ஊர்வலம் செதுக்கியிருந்தது. பாடையில் செத்த மாதிரி பாசாங்கு செய்யும் நரி, ஊர்வலத்தில் கரடியும் ஓநாயும், புத்தகத்தை வைத்துக்கொண்டு பூசை பாடும் கழுதை. கத்தோலிக்கர் கட்டிய கோயில், அவர்கள் காலத்திலேயே செதுக்கியது. யாரும் முகம் சுளித்த மாதிரி தெரியவில்லை. 16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் தரப்பு அதைப் படமாக அச்சடித்து, ‘உங்கள் பூசையை உங்கள் முன்னோரே எப்படிக் கேலி செய்திருக்கிறார்கள் பார்’ என்று விற்கத் தொடங்கியதும் கதை மாறியது. 1681இல் பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயி ஊரைப் பிடித்தார், பேராலயம் கத்தோலிக்கர் கைக்குத் திரும்பியது, 1685இல் சிற்பத்தைக் கொத்தி எடுத்துவிட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பது எதிரி அச்சடித்த படம்தான். தம்பி, சொந்த வீட்டுக்குள் சொல்லும் கேலிக்கு ஆயுசு உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் அதையே திருப்பிச் சொன்னால்தான் உளியைத் தேடுகிறோம்.

கேள்வி: நம் பக்கத்தில் இந்த மாதிரி சிற்பம் இருக்கிறதா? பார்க்க எங்கே போகலாம்?
— வாசகர், செங்கல்பட்டு

பதில்: வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே! மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசு பாறைக்குப் போங்கள். பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே ஒரு பூனை, பின்னங்கால்களில் எழுந்து முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. பாறையின் இடது பாதியில் ஒற்றைக் காலில் நிற்கும் விலா எலும்பு தெரியும் தவசியும் கைகளை அப்படித்தான் தூக்கியிருக்கிறார். பூனையைச் சுற்றி எலிகள், ஒன்று கும்பிடவே செய்கிறது. நம் ருத்திராட்சப் பூனைதான்.

மகாபாரதத்தில் துரியோதனன் தூதன் உலூகன் மூலம் பாண்டவருக்குச் சொல்லியனுப்பும் கதை இது. தவத்தால் மெலிந்துவிட்டேன், ஆற்றுக்குப் போக முடியவில்லை, என்னைத் தூக்கிப் போங்கள் என்று எலிகளிடம் சொல்லும் பூனை, போகிற வழியில் ஒவ்வொன்றாய் விழுங்கிக் கொழுக்கும். ஒரு கிழட்டு எலி பிடித்துவிடும்: பழமும் கிழங்கும் தின்கிறவனின் மலத்தில் ரோமம் எப்படி வரும்? சிபிஐகூட இவ்வளவு சுருக்கமாக விசாரிக்காது.

இதுவும் கிராமத்துக் கை அல்ல, பல்லவ அரசின் சிற்பிகள் கை. ஆனால் அந்த வம்சத்துக்கு இந்தக் குறும்பு புதிதில்லை. முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சித் தெருவில் குடித்துவிட்டு அலையும் காபாலிகனையும் (மண்டையோட்டில் பிச்சை வாங்கும் சிவனடியார்), அவனோடு வம்பில் மாட்டும் புத்த பிக்குவையும் ஒரே மேடையில் சந்தி சிரிக்க வைக்கிறது. தொலைந்த கபால ஓட்டை பிக்கு திருடினான் என்று சண்டை. கடைசியில் தூக்கிப்போனது நாய். மாமல்லபுரத்திலோ திறந்த வெளி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லட்லோ நரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பாறை கிழக்கு பார்த்தது. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் நேராக விழும்; பிற்பகலில் நிழல் மூடிவிடும். குழந்தைகளைக் கூட்டிப்போனால் பூனை எங்கே என்று நீங்கள் காட்டாதீர்கள், அவர்களே தேடட்டும். யானைக்குட்டிகளைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள், பரவாயில்லை.