குழந்தை பொறுக்கிய சங்குக்குள் நண்டு இருப்பது ஏன்?

அது துறவி நண்டு. மற்ற நண்டுகளைப் போல உடல் முழுக்கக் கடின ஓடு இதற்குக் கிடையாது. வயிற்றுப் பகுதி மெத்தென்று சுருண்டிருக்கும். அதைக் காப்பாற்றத்தான் கடல் நத்தையின் காலிச் சங்கு. வளர வளர, போன வருடச் செருப்பு காலைக் கடிப்பதுபோல, சங்கு சின்னதாகிவிடும். அப்புறம் பெரியதைத் தேட வேண்டியதுதான். சில சமயம் பல நண்டுகள் அளவுவாரியாக வரிசையில் நின்று, ஒன்று காலி செய்ததில் அடுத்தது ஏறிக்கொள்ளும்! நல்ல சங்கு கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் மூடிக்குள்கூடப் புகுந்துவிடும். ஆகவே காலிச் சங்குகளைக் கரையிலேயே விடச் சொல்லுங்கள். நண்டு இருந்தால் மணலில் வைத்து அசையாமல் காத்திருந்தால் போதும், கால்கள் மெல்ல எட்டிப் பார்க்கும். இழுத்தால் உடல் பிய்ந்துவிடலாம். சரி, நத்தையைக் கொன்றா இது வீட்டைப் பிடிக்கிறது? பெரும்பாலும் இல்லை, நத்தை எப்போதோ செத்திருக்கும்.