ஷிப்ட் மாறும்போது வரும் சண்டை: டீமை எங்கிருந்து சரிசெய்வது?

கேள்வி: மணலி பக்கம் ஒரு சி.எஃப்.எஸ்.ஸில் (துறைமுகக் கன்டெய்னர்களைத் திறந்து சரக்கை ஏற்றி இறக்கும் கிடங்கு) சூப்பர்வைசராக இருக்கிறேன். பொறுப்புக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. பகல், இரவு என்று இரண்டு ஷிப்ட், ஒவ்வொன்றிலும் ஆறு பேர். அதில் நான்கு பேர் ஒடிசாக்காரர்கள். கன்டெய்னரில் இருந்து இறக்கிய பெட்டிகளின் கணக்கு அடிக்கடி உதைக்கிறது. கேட்டால் பகல்காரர்கள் இரவுக்காரர்களைச் சொல்கிறார்கள், அவர்கள் இவர்களைச் சொல்கிறார்கள். வேலையை இழுத்துப்போட்டுச் செய்வது இரண்டு மூன்று பேர்தான். மீட்டிங் போட்டால் யாரும் வாய் திறப்பதில்லை, வெளியே டீக்கடையில் எல்லாம் பேசுகிறார்கள். இரவு ஷிப்டைப் பார்க்கும் அண்ணன்தான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், அவரைக் கேள்வி கேட்க நா எழவில்லை. மாதாமாதம் 'சிறந்த ஊழியர்' பரிசு கொடுத்துப் பார்த்தோம், மனக்கசப்புதான் மிச்சம். எல்லாரையும் ஒருநாள் மாமல்லபுரம் கூட்டிப்போய் 'டீம் பில்டிங்' செய்யலாம் என்கிறார் மேனேஜர். பலன் இருக்குமா? (ஒரு வாசகர், திருவொற்றியூர்)

பதில்: போய்வாருங்கள், தப்பில்லை. ஆனால் இப்போது வேண்டாம். கணக்கு உதைக்கிற வரைக்கும், மாமல்லபுரத்தில் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்தவர்கள் மறுநாள் இரவு எட்டு மணிக்கு மறுபடி முறைத்துக்கொள்வார்கள்.

உங்கள் டீமில் கெட்டவர்கள் யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே கன்டெய்னரைப் பகல் ஷிப்ட் திறக்கிறது, இரவு ஷிப்ட் இறக்கி முடிக்கிறது. முழு வேலையையும் கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. பத்துப் பெட்டி குறைந்தால் அது யார் கையில் இருந்தபோது குறைந்தது என்று சொல்ல வழியில்லை. வழியில்லாத இடத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்படத்தான் செய்வார்கள். ஆளை மாற்றினாலும் புதிதாக வருகிறவர் அதே சண்டையைத்தான் போடுவார். அதனால் முதலில் ஷிப்ட் மாறும் அந்த அரைமணி நேரத்தைக் கவனியுங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசையில் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதியம் ஆளுக்கு வேலை இருக்காது, சாயங்காலம் வண்டிகள் ஒரேயடியாகக் கேட்டில் வந்து நிற்கும். ஷிப்ட் மாறும் நேரமும் அதுதான். ஒருத்தர் சட்டை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார், இன்னொருத்தர் அப்போதுதான் பைக்கை நிறுத்துகிறார். நடுவில், "பாதி இறக்கியாச்சு, பார்த்துக்க" என்ற ஒரு வாக்கியத்தில் முழு கன்டெய்னரும் கைமாறுகிறது.

இதற்கு மருந்து சின்னது, ஆனால் தினமும் செய்ய வேண்டும். இரண்டு ஷிப்டும் பதினைந்து நிமிடம் ஒன்றாக இருக்கும்படி நேரத்தை ஒட்டவையுங்கள். அந்தக் கால்மணி நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று மேனேஜரிடம் முதலிலேயே பேசி வாங்கிவிடுங்கள், ஓசியில் கேட்டால் ஒரு வாரம்கூட ஓடாது. போகிறவரும் வருகிறவரும் கன்டெய்னர் பக்கத்திலேயே நின்று பேச வேண்டும், ஆபீஸ் அறையில் அல்ல. போகிறவர் இப்படிச் சொல்ல வேண்டும்: "மூணாம் கதவுல நாற்பதடி. நம்பர் இது, சீல் நம்பர் இது, சீல் உடையாம இருந்துச்சு. 212 பெட்டி இறக்கியாச்சு. நாலு பெட்டி நனைஞ்சிருக்கு, போட்டோ குரூப்புல இருக்கு. காலையில 11 மணிக்கு கஸ்டம்ஸ் பார்க்க வர்றாங்க, இடதுபக்க அடுக்கைத் தொடாதீங்க." கேட்டவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு பெட்டிக் கணக்கு எழுதும் டேலி ஷீட்டில் இரண்டு பேர் கையெழுத்தும் விழ வேண்டும்.

திருப்பிச் சொல்லும் பகுதியை வெறும் சடங்கு என்று விட்டுவிடாதீர்கள், உயிர்நாடியே அதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு டாக்டர்களுக்கு இதே மாதிரி ஒரு ஒப்படைப்பு முறையைப் பழக்கினார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று வரிசை வகுத்து, கேட்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும் வைத்தார்கள். மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. 2014இல் வெளியான ஆய்வு இது. படித்த டாக்டர்களுக்கே ஷிப்ட் மாறும்போது விஷயம் கைநழுவுகிறது என்றால், நம் ஆட்களை மட்டும் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்தது, இரண்டு மூன்று பேர் மட்டும் உழைப்பது. கடற்கரையில் பலர் சேர்ந்து கயிற்றைப் பிடித்துக் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் ஆள் கூடக்கூட, ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் விசை கொஞ்சம் குறையும். மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு இதை அளந்தே பார்த்தார். 1913இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, எட்டு பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்குக் கிடைத்த விசை, தனியாக இழுப்பதில் ஏறக்குறையப் பாதிதான். ஒரு பங்கு, எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததால் போனது. இன்னொரு பங்கு, 'நான் கொஞ்சம் விட்டால் யாருக்குத் தெரியும்' என்பதால் போனது. தன் பங்கு தனியாகத் தெரியும் என்றால் இந்த இரண்டாவது இழப்பு பெரும்பாலும் மறைந்துவிடும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

அதனால் "எல்லாரும் பார்த்துக்கோங்கப்பா" என்ற பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு கன்டெய்னருக்கு எண்ணுகிறவர் ஒருவர், சேதம் பார்க்கிறவர் ஒருவர், பெட்டி தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டிக்கு ஒருவர் என்று பெயர் எழுதி கதவில் ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை வேலையை மாற்றிவிடுங்கள், ஃபோர்க்லிப்டை மட்டும் பயிற்சி பெற்றவருக்கே கொடுங்கள். அப்புறம் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அவசரம் என்றால் நீங்கள் கூப்பிடுவது அந்த இரண்டு மூன்று பேரைத்தானே? மற்றவர்கள் சும்மா நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த அவசரத்தில் நான்காவது ஆளைக் கூப்பிடுங்கள். கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லை.

மீட்டிங்கில் அமைதி ஏன் என்றால், முதல் காரணம் மொழி. பன்னிரண்டு பேரில் நான்கு பேருக்கு நீங்கள் பேசுவது பாதிதான் புரிகிறது. தெரிந்த அரைகுறைத் தமிழில் பத்துப் பேர் முன்னால் யார் பேசுவார்? இரண்டு மொழியும் ஓரளவு அறிந்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரைப் பக்கத்தில் நிற்கவைத்துப் பேசுங்கள். எண், போட்டோ, சாக்பீஸ் குறி, இவற்றுக்கு மொழி தேவையில்லை. முடிந்தவரை ஹேண்டோவரை, அதாவது ஷிப்ட் ஒப்படைப்பை, அவற்றின் மேல் கட்டுங்கள்.

இரண்டாவது காரணம் பயம். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனை நர்ஸ் குழுக்களைப் பார்த்தபோது, நல்ல குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் அதிகம் இருந்தன. காரணம், அவர்கள் தவறை ஒளிக்காமல் சொன்னார்கள். உங்களிடமும் முதல் மாதம் குறைபாடுகள் ஏறித் தெரியும், அதைக் கண்டு மிரளாதீர்கள். நனைந்த பெட்டியைக் காட்டிக்கொடுத்தவரை எல்லார் முன்னாலும் திட்டினால், அடுத்த பெட்டியை அவர் அடுக்கின் அடியில் தள்ளிவிடுவார். "யார் செய்தது?" என்று ஆரம்பிக்காமல், "எந்த இடத்தில் எண்ணிக்கை மாறியது?" என்று கேளுங்கள். திருட்டு என்று தெளிவாகத் தெரிந்தால் அது வேறு கதை, அதற்கு நிர்வாக நடவடிக்கைதான் வழி.

இரவு ஷிப்ட் அண்ணன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். அவரிடம் வேலை கற்ற பையன் இன்று அவருக்கு மேலே நிற்கிறான், அந்த வலி அவருக்கு இருக்கும், இருப்பது நியாயம். புதிய முறையை மீட்டிங்கில் அறிவிப்பதற்கு முன்னால், தனியாக ஒரு டீ வாங்கிக்கொடுத்துப் பேசுங்கள். "அண்ணே, கணக்கு உதைச்சா திட்டு நம்ம ரெண்டு பேருக்கும்தான் விழுது. ஷிப்ட் மாறும்போது எழுதி வாங்கலாம்னு இருக்கேன். இதுல என்ன விட்டுப்போகும்னு நீங்க சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் இரண்டையாவது உண்மையாகவே சேருங்கள். சேதம் பார்க்கப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை அவருக்கே கொடுங்கள். ஆனால் கையெழுத்து விஷயத்தில் அவருக்கு மட்டும் விலக்கு கொடுக்கவே கூடாது. மரியாதை வேறு, விதிவிலக்கு வேறு. ஒருவரை விட்டால் மற்றப் பதினோரு பேரும் அன்றைக்கே பார்த்துவிடுவார்கள்.

சிறந்த ஊழியர் பரிசை நிறுத்துங்கள். ஒருவர் வேலை இன்னொருவர் கையைப் பிடித்து நிற்கும் இடத்தில் தனிப்பரிசு கொடுத்தால், தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். கணக்கு உதைக்காத மாதத்துக்கு இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து ஒரே தொகை என்று வையுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. டீக்கடையில் பேசுவதை ஒருநாள் காது கொடுத்துக் கேளுங்கள். பாதி, உங்கள் கணக்கைப் பற்றியே இருக்காது. குடிக்கத் தண்ணீர், ஃபேன், கழிவறை, சாப்பிட நேரம் என்றுதான் இருக்கும். 1918இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கமாகத் திரண்டபோது, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அவர்களின் முக்கியக் குறைகளில் ஒன்று. வட சென்னையில் வேலை வாங்குகிற யாரும் இதை மறக்கக்கூடாது. உங்கள் கையில் தீர்க்கக்கூடிய குறை ஒன்றை இந்த வாரமே தீர்த்துவிட்டு, அப்புறம் ஹேண்டோவர் பேச்சை எடுங்கள். கேட்கும் காதே வேறாக இருக்கும்.

இரண்டு மாதம் இந்த முறை ஓடட்டும். தினசரி உதைக்கும் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வாருங்கள். அது இறங்க ஆரம்பித்ததும் மாமல்லபுரம் போகலாம். போகும் நாளை இரண்டு ஷிப்டையும் கேட்டு முடிவுசெய்யுங்கள். இரவு வேலை முடிந்து வந்தவர்களைத் தூங்கவிடாமல் காலை ஆறு மணிக்கு வேனில் ஏற்றாதீர்கள், யாருடைய வார விடுமுறையையும் அதில் கழிக்காதீர்கள்.